கமாவில் வெட்டிய காலம்

சென்னையில் மென்பொருள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னை ரிப்போர்ட் எழுதும் குழுவில் போட்டார்கள். 2000-களின் முதல் பாதி அது. உடன் சேர்ந்தவர்களுக்கு ஜாவா, டாட்நெட் என்று வெளியில் சொல்லிக்கொள்ளும்படி ஏதாவது வாய்த்தது. எங்கள் நாலைந்து பேருக்கு எஸ்க்யூஎல் சர்வர் 2000. வாடிக்கையாளர் ஜவுளி மொத்த வியாபாரி. எந்தச் சரக்கு எவ்வளவு போயிருக்கிறது என்று மாத முடிவில் பார்க்க அவர்களுக்கு ஒரு திரை உண்டு. அதில் வேண்டிய சரக்குகளை டிக் அடிப்பார்கள். டிக் அடித்தவற்றின் எண்கள் "12,7,305" என்று கமா போட்ட ஒரே ஸ்ட்ரிங்காக ஸ்டோர்டு புரொசீஜருக்கு வந்து சேரும். அதற்கு மேல் என் பாடு.

மனிதக் கண்ணுக்கு அது மூன்று எண்கள். டேட்டாபேஸுக்கோ எட்டு எழுத்துள்ள ஒரு சொல். "சரக்கு எண் இந்தப் பட்டியலில் இருக்கிறதா" என்று கேட்டு அந்த மாறியை அப்படியே அடைப்புக்குறிக்குள் வைத்தால், முழுச் சொல்லையும் ஒரே எண்ணாக மாற்றப் பார்த்துவிட்டு முடியவில்லை என்று பிழைச் செய்தி காட்டும். இந்தத் தொழிலில் அந்தச் செய்தியைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. பார்த்தவர்கள் அடுத்து எடுக்கும் வழி, குவெரியையே ஸ்ட்ரிங்காக ஒட்டி ஓடவிடுவது. ஓடும். எண்ணுக்குப் பின்னால் டேபிளை அழிக்கும் கட்டளையை யாராவது ஒட்டி அனுப்பினால் அதுவும் ஓடும். இன்னொரு குறுக்குவழியும் இருந்தது. பட்டியலின் இரு முனையிலும் ஒரு கமா, சரக்கு எண்ணின் இரு பக்கமும் ஒரு கமா சேர்த்துவிட்டு, இதற்குள் அது இருக்கிறதா என்று லைக் போட்டுத் தேடுவது. விடை சரியாகவே வரும். ஆனால் இன்டெக்ஸ் ஒன்றுக்கும் உதவாது, டேபிள் முழுவதையும் வரிவரியாகப் படித்தாக வேண்டும்.

எங்கள் டிபிஏ, அதாவது டேட்டாபேஸ் நிர்வாகி, திருநெல்வேலிக்காரர். யாராவது புரொசீஜரைக் காட்டினால் முதலில் அதன் பராமீட்டர்களைத்தான் பார்ப்பார். அங்கே எட்டாயிரம் எழுத்துக்கு ஒரு வார்ச்சார் தென்பட்டால் முகம் மாறிவிடும். "ஒரு கட்டத்துல ஒரு மதிப்புதான் இருக்கணும்னு ரிலேஷனல் மாடலைக் கொண்டுவந்த காட் 1970-லயே எழுதியாச்சுல்லா. நீங்க என்னடான்னா கடலைப் பொட்டலம் கணக்கா மடிச்சு அனுப்புதிய" என்பார். அவர் சொன்னது சரிதான். ஆனால் திரையை எழுதியது வேறு குழு, அவர்கள் கமா போட்டுத்தான் அனுப்புவார்கள். இவர் திட்டுவதும் நாங்கள் வெட்டுவதுமாகவே வேலை நடந்தது.

எல்லோரும் வைத்திருந்த வெட்டுமுறை, வைல் லூப் ஓடும் ஒரு ஃபங்ஷன். முதல் கமாவைத் தேடு, அதற்கு முன்னால் இருப்பதை எடுத்து ஒரு டேபிள் வேரியபிளில் போடு, மிச்சத்தை மறுபடி தேடு. எழுத எளிது, படிக்க எளிது. பத்துப் பதினைந்து எண்கள் வரைக்கும் யாருக்கும் தொந்தரவில்லை. வாடிக்கையாளர் "எல்லாம்" என்ற பெட்டியை டிக் அடித்த அன்றுதான் அதன் குணம் தெரிந்தது. லூப் மெதுவாக ஓடியது பாதிக் கதைதான். அந்த ஃபங்ஷனுக்குள் எத்தனை வரிகள் சேரும் என்று சர்வருக்கு முன்கூட்டித் தெரியாததால், ஒரே ஒரு வரி வரும் என்று வைத்துக்கொண்டு திட்டம் போடும். 2014 பதிப்பில் அந்த ஊகம் நூறாக மாறியது. ஒரு வரிக்கென்று போட்ட திட்டத்தில் நானூறு வரிகள் வந்து இறங்கினால், வெட்டி முடித்த பிறகு விற்பனை டேபிளோடு சேர்க்கும் இடத்தில்தான் நேரம் போகும். வெட்டுவதற்கு எத்தனை மில்லிசெகண்ட் என்று மட்டும் அளப்பவர்களுக்கு இது கண்ணில் படாது. பிற்பாடு நான் படித்த ஒப்பீடுகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தைக் கவனிக்கவே இல்லை.

2005 பதிப்பு வந்ததும் வழிகள் பெருகின. தன்னையே அழைக்கும் குவெரி வடிவமான சிடிஇ வந்தது. பார்க்க அழகு. ஆனால் நூறு சுற்றுக்கு மேல் போகவேண்டும் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பிழை காட்டி நின்றுவிடும். சோதனையில் பத்து எண் கொடுத்துப் பார்த்துவிட்டு அனுப்பப்பட்ட புரொசீஜர்கள் எத்தனையோ அந்த நூறில் முட்டிக்கொண்டன.

எக்ஸ்எம்எல் வழியும் அதே பதிப்பில் வந்ததுதான். கமா இருக்கும் இடத்திலெல்லாம் ஒரு முடிவு டேகும் ஒரு தொடக்க டேகும் போட்டுவிட்டு, எக்ஸ்எம்எல் பாகுபடுத்தியிடம் கொடுத்தால் அதுவே வெட்டித் தந்துவிடும். மூன்று வரிதான், லூப் இல்லை. இதைக் கண்டுகொண்டவர்கள் அலுவலகத்தில் கொஞ்ச நாள் கித்தாப்பாக நடந்தார்கள். எண்களுக்கு அது சரி. எங்கள் திட்டத்திலேயே யாரோ, கடைப் பெயர்களை வெட்டவும் இதையே வைத்திருந்தார்கள். தமிழ்நாட்டில் ஜவுளிக்கடைப் பெயர் எப்படி இருக்கும்? இன்னார் & சன்ஸ், இன்னார் & கோ. எக்ஸ்எம்எல்லில் & என்ற குறிக்குத் தனி வேலை உண்டு. வெறுமனே நடுவில் வந்தால் மொத்த ஸ்ட்ரிங்கும் செல்லாது. மகன்களைக் கூட்டுச் சேர்க்காத வியாபாரிகளின் ரிப்போர்ட் மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

இந்தச் சமயத்தில்தான் இந்த வெட்டுவேலை ஒரு பந்தயமாகவே நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். ஸ்டாக்ஹோமில் இருக்கும் எர்லாண்ட் சொம்மர்ஸ்கோக், இதற்கென்றே நீண்ட கட்டுரைகள் எழுதி, பதிப்புக்குப் பதிப்பு திருத்தி வைத்திருந்தார். அமெரிக்காவில் ஜெஃப் மோடன். வரிவரியாக ஓடும் லூப்களுக்கு 'ரீபார்' என்று அவர் ஒரு வசைப்பெயரே வைத்திருந்தார். வரிவரியாகப் படும் அவதி என்பதன் சுருக்கம் அது. அவர் தூக்கிப்பிடித்தது டாலி டேபிள். 1, 2, 3 என்று வரிசையாக எண்கள் மட்டுமே உள்ள ஒரு டேபிள். இதை வைத்து எப்படி ஸ்ட்ரிங்கை வெட்ட முடியும் என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. டிபிஏதான் ஒரு பழைய பிரிண்ட் அவுட்டின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினார்.

"12,7,305" என்று எழுதி, ஒவ்வோர் எழுத்துக்கும் கீழே 1 முதல் 8 வரை எண் போட்டார். "இப்ப டாலிகிட்ட ஒரே கேள்விதான். எந்தெந்த எண்ணுக்கு மேல கமா இருக்கு?" 3, 5. "கமாவுக்கு அடுத்த இடத்துல புதுசு ஒண்ணு ஆரம்பிக்கும். 4, 6. முதல் உருப்படிக்கு முன்னாடி கமா கிடையாது, அதனால 1-ஐ நாமளே சேத்துக்கிடணும்." ஆக 1, 4, 6. ஒவ்வொன்றிலிருந்தும் அடுத்த கமா வரைக்கும் எடுத்தால் 12, 7, 305. லூப் எங்கேயும் இல்லை. எண்களும் ஸ்ட்ரிங்கும் சேரும் ஒரு சாதாரண ஜாயின், அவ்வளவுதான். உள்ளே சர்வர் லூப்தான் ஓட்டுகிறது. ஆனால் அது சர்வரின் சொந்த லூப், நம்முடையதைவிடப் பல மடங்கு வேகம். உருப்படிக்கு வரிசை எண்ணும் தானாகவே கிடைத்துவிடும்.

டாலி முறைக்கும் ஒரு நோய் இருந்தது. ஸ்ட்ரிங் நீள நீள அது தளர்ந்து, ஒரு கட்டத்தில் லூப்புக்கே தோற்கும். காரணம், 1-ஐத் தனியாகச் சேர்ப்பதற்குப் பதில் இரு முனையிலும் கமாவை ஒட்டிக்கொண்டு தொடங்கும் வழக்கம். நீள ஸ்ட்ரிங்கோடு ஒரு எழுத்தை ஒட்டுவதற்கான விலை, அந்த ஒட்டல் மறுபடி மறுபடி நடப்பதால் ஏறிக்கொண்டே போகும். 2011-ல் மோடன் எழுதிய கட்டுரை இந்த ஒட்டலைத்தான் நீக்கியது. எண் டேபிளையும் படிக்காமல், பத்து வரியைத் தன்னோடு பெருக்கி நூறு, நூறைப் பெருக்கிப் பத்தாயிரம் என்று அங்கேயே உண்டாக்கிக்கொண்டார். எட்டாயிரம் எழுத்துக்குள் என்றால் அந்த ஃபங்ஷனுக்கு அன்றைக்கு டி-எஸ்க்யூஎல்லில் இணை இருக்கவில்லை. எட்டாயிரம் போதாதென்று வார்ச்சார் மேக்ஸுக்கு மாற்றினால் நேரம் இரட்டிக்கும் என்று ஃபங்ஷனின் தலைக்குறிப்பிலேயே எச்சரிக்கை இருந்தது. அதைப் படிக்காமல் மாற்றிவிட்டு, மெதுவாக இருக்கிறதே என்று அவரையே குறை சொன்னவர்கள் உண்டு.

சி ஷார்ப்பில் எழுதி சர்வருக்குள் ஏற்றும் சிஎல்ஆர் ஃபங்ஷன் இவை எல்லாவற்றையும்விட வேகம். ஆனால் நான் வேலை பார்த்த எந்த இடத்திலும் பாதுகாப்புக் குழு அதை ஏற்ற அனுமதித்ததில்லை. 2008-ல் பட்டியலை டேபிளாகவே அனுப்பும் வசதி வந்துவிட்டது. டிபிஏ கேட்டது இதைத்தான். அவர் அன்று மதியம் எல்லோருக்கும் டீ சொன்னார். ஆனால் எங்கள் ரிப்போர்ட் கருவியான ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் தன் பல்தேர்வுப் பெட்டியிலிருந்து ஸ்டோர்டு புரொசீஜருக்கு அனுப்புவதென்னவோ கமா போட்ட ஸ்ட்ரிங்தான். ஆகவே ரிப்போர்ட் குழுவுக்கு விடிவு வரவில்லை.

இத்தனை வழிகளிலும் வெட்டிப் பழகியிருந்த எனக்கு, எந்த வழியும் உதவாத ஒரு கோப்பு தமிழிலிருந்து வந்தது. நண்பர் ஒருவர் மூலமாகத் தெரிந்த சிற்றிதழ் அலுவலகம். சந்தாதாரர் பட்டியலைப் புதிய மென்பொருளுக்கு மாற்றித் தரக் கேட்டார்கள். பழையது, யாரோ விபி6-ல் எழுதிக் கொடுத்தது. எண், பெயர், தெரு, ஊர், பின்கோடு என்று ஐந்தையும் ஜாயின் ஃபங்ஷனால் கமா போட்டு ஒட்டி, ஒரு கோப்பாக வெளியே தரும். மேற்கோள்குறி எதுவும் கிடையாது. எழுத்துரு பாமினி.

வெட்டினேன். கமலா சரியாக வந்தார். முருகன் சரியாக வந்தார். இந்திராவின் பெயர்க் கட்டம் காலி. தெரு இருக்க வேண்டிய இடத்தில் "ந்திரா" என்று நின்றது. தெரு ஊருக்கும் ஊர் பின்கோடுக்கும் தள்ளிப்போய், பின்கோடு கட்டத்தைத் தாண்டி வெளியே விழுந்திருந்தது. இதே போல் நிறைய வரிகள். கோப்பை நோட்பேடில் சாதாரண எழுத்துருவில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கிறுக்கல்தான் தெரியும். அதில் எது கமா, எது பெயர் என்று எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் மெய்ப்பு திருத்திக்கொண்டிருந்த டிடிபி அக்கா எட்டிப் பார்த்தார். அவருக்கு அந்தக் கிறுக்கல் தமிழாகவே தெரிந்தது.

"அது கமா இல்லப்பா, இ. பாமினில அந்தக் கீதான் இ."

"அப்ப கமா எங்கக்கா?"

"ஷிஃப்ட் புடிச்சுக்கிட்டு ஃபுல்ஸ்டாப் கீ."

பாமினி தமிழுக்கென்று தனி எண்கள் கொண்ட குறியேற்றம் அல்ல. ஆங்கில எழுத்துகள், குறிகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்த எழுத்துரு. கோப்புக்குள் இருப்பது கமாவின் எண்தான், திரையில் தெரிவது 'இ'. வாசகர் முகவரியில் வரும் நிஜக் கமா உள்ளே > என்று கிடக்கும். ஆகவே "எண் 4, காந்தி தெரு" என்ற முகவரிக்கு ஒரு சேதமும் இல்லை, இகரத்தில் தொடங்கும் சொற்கள்தான் சிதைந்தன. சாதாரண இதழாக இருந்திருந்தால் இந்திராவும் இளங்கோவும் மட்டும் பாதிக்கப்பட்டிருப்பார்கள். இது ரகரம் சொல்லுக்கு முதலில் வராது என்று கறாராக இருக்கும் இதழ். இராமன், இராயப்பேட்டை, இராசிபுரம், இராமநாதபுரம் என்றே எழுதுவார்கள். இலக்கணத்தைப் பேணியதற்கான அபராதத்தை என் புரோகிராம் வசூலித்தது.

பழைய மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் பகுதிநேர ஆள், கமாவுக்குப் பதில் செமிகோலன் போட்டு ஒட்டித் தருகிறேன் என்றார். பிரிகுறியில் கமாவுக்கு அடுத்து யாருக்கும் தோன்றுவது செமிகோலன்தான். பாமினியில் செமிகோலனின் இடத்தில் இருப்பது மெய்யெழுத்தின் புள்ளி. அந்தக் கோப்பை வெட்டியபோது ஒரு வரியும் தேறவில்லை. சுந்தரம் "சுந" என்றும் "தரம" என்றும் இரண்டாகி, புள்ளிகள் எல்லாம் பிரிகுறிகளாகிக் காணாமல் போயிருந்தன. அக்கா வாய்விட்டுச் சிரித்தார். எக்ஸ்எம்எல் வழியைக் கையில் எடுத்திருந்தால் இன்னொரு வேடிக்கையும் நடந்திருக்கும். பாமினியில் < என்ற குறியின் இடத்தில் இருப்பது 'ஈ'. ஈரோட்டுச் சந்தாதாரர் ஒருவர் இருந்தாலே போதும், பாகுபடுத்தி அங்கேயே நின்றுவிடும்.

கடைசியில் டேப் போட்டு ஒட்டச் சொன்னேன். எழுத்துருவில் அதன் இடத்தில் எந்த உருவமும் இல்லை. டேபில் வெட்டி, பிறகு யூனிகோடுக்கு மாற்றினோம். கமா கோப்பை முதலில் மாற்றிவிட்டுப் பிறகு வெட்டலாமே என்று நண்பர் கேட்டார். அப்படிச் செய்தால் பிரித்துக் காட்டப் போட்ட கமாக்கள் எல்லாம் 'இ' ஆகி, பெயருக்கும் தெருவுக்கும் நடுவே உட்கார்ந்துகொள்ளும். பட்டியலைப் பிரிக்கவென்றே ஆஸ்கியில் 28 முதல் 31 வரை நான்கு எண்களை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். கோப்பு, குழு, பதிவு, அலகு என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. விசைப்பலகையில் அவற்றுக்குக் கீ கிடையாது, அதனாலேயே யாரும் சீண்டுவதில்லை. அன்றைக்கு அந்த நாலு எண்மேலும் எனக்கு மரியாதை வந்தது.

2010-ல் தமிழ்நாடு அரசே யூனிகோடைத் தரமாக ஏற்றது. யுடிஎஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். அந்த மூன்றில் ஒன்றுகூடக் கமாவின் எண்ணாகவோ வேறு ஆஸ்கிக் குறியின் எண்ணாகவோ இருக்க முடியாதபடிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். எழுத்து சிதையும் என்ற பயமில்லாமல் தமிழ்க் கோப்பைக் கமாவில் வெட்டலாம். எழுத்தெழுத்தாக வெட்டும்போதுதான் இன்னும் சிக்கல். ஜாவாஸ்கிரிப்டிடம் "தமிழ்" என்பதைப் பிரிக்கச் சொன்னால் மூன்று எழுத்துக்குப் பதில் ஐந்து துண்டு தரும்.

மற்ற மொழிகளுக்குப் போனபோது, வெட்டுவதற்கு உள்ளேயே ஃபங்ஷன் இருந்தது. ஆனால் ஆளுக்கொரு வழக்கம். "அ,ஆ,," என்பதை பைத்தான் நான்காக வெட்டும், ஜாவா கடைசியில் வரும் காலிகளை உதறிவிட்டு இரண்டு தரும். வெற்று ஸ்ட்ரிங்கை வெட்டினால் பைத்தானில் ஒரு உருப்படி, ரூபியில் ஒன்றும் இல்லை. சி-யின் ஸ்டிர்டோக் பக்கத்துப் பக்கத்தில் வரும் கமாக்களை ஒன்றாக்கிவிடும், போதாததற்கு அசல் ஸ்ட்ரிங்கையே சிதைத்துவிட்டுப் போகும். ஜாவாவில் முற்றுப்புள்ளியில் வெட்டச் சொன்னால் ஒரு துண்டும் வராது. அது புள்ளியை "எந்த எழுத்தும்" என்று எடுத்துக்கொள்ளும். தலைப்பெழுத்தையும் பெயரையும் பிரிக்க முயன்ற தமிழ்நாட்டு ஜாவா ஆட்கள் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும்.

எஸ்க்யூஎல் சர்வரில் இதற்கென்று சொந்த ஃபங்ஷன் வர 2016 ஆனது. ஸ்ட்ரிங்_ஸ்ப்ளிட். வேகத்தில் டாலியைத் தாண்டியது. எங்கள் குழுவில் ஒரு தம்பி, சர்வர் 2016-தான், ஆனாலும் அப்படி ஒன்று இல்லை என்கிறதே என்று வந்து நின்றான். பழைய பதிப்பிலிருந்து ஏற்றிய டேட்டாபேஸின் கம்பாட்டிபிலிட்டி லெவல் 130-க்குக் கீழே இருந்தால் அந்தப் பெயரையே அது அறியாது. பிரிகுறி ஓர் எழுத்துக்கு மேல் கூடாது. எத்தனை உருப்படி வரும் என்ற ஊகம் எப்போதும் ஐம்பது. இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, வரும் வரிசைக்கு உத்தரவாதம் இல்லை என்பது. சரக்கு எண்கள் "12,7,305" என்றும், அளவுகள் "40,15,8" என்றும் இரண்டு ஸ்ட்ரிங் வந்தால், எது எதனோடு சேரும் என்று சொல்ல வரிசை எண் வேண்டும். டாலி அதை இலவசமாகவே கொடுத்துக்கொண்டிருந்தது. ஸ்ட்ரிங்_ஸ்ப்ளிட்டில் அதைச் சேர்க்க அவர்களுக்கு 2022 பதிப்பு வரை ஆனது. இடைப்பட்ட காலத்தில் நாங்கள் ஸ்ட்ரிங்குக்கு இரு பக்கமும் சதுர அடைப்பு போட்டு, ஜேசன் என்று சொல்லி ஓபன்ஜேசனிடம் கொடுத்து வரிசை எண் வாங்கினோம். எண்களுக்கு மட்டும் அந்த உபாயம் செல்லும்.

என்னைக் கேட்டால், அனுப்புகிற பக்கம் நம் கையில் இருந்தால் டேபிளாகவே அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால், 2022 அல்லது அதற்குப் பிந்தைய சர்வரில் ஸ்ட்ரிங்_ஸ்ப்ளிட், அதற்கு முந்தையதில் மோடனின் டாலி. லூப்புக்கு இனி இடமில்லை. வழிகளை ஒப்பிட்டு நேர அட்டவணை போடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஓட்டப்பந்தயம் வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒரு வெற்று ஸ்ட்ரிங், கமா மட்டுமே உள்ள ஒன்று, கமாவில் முடியும் ஒன்று, ஒரு "& சன்ஸ்" ஆகியவற்றைக் கொடுத்துப் பாருங்கள். இவற்றில் எதற்குத் தவறான விடை வந்தாலும் அந்த ஃபங்ஷனின் வேகத்தை அளக்க வேண்டியதில்லை. பாமினியில் பழைய பட்டியல்கள் வைத்திருக்கும் இதழ்க்காரர்களுக்கும் ஒன்று: டேப் போட்டு வெளியே எடுங்கள்.